அடிமைக்கு இட்ட மறுபெயர்கள்: பழவேற்காட்டிலிருந்து ஒரு சொல்லின் வரலாறு



இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு ஆங்கிலச் சொல்: 'ஸ்லேவ்'. அதன் பொருள் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அகராதியைப் புரட்டினால் அதன் கீழே ஒத்த சொற்கள் வரிசையாக நிற்கும்: சர்வென்ட், செர்ஃப், பாண்ட்ஸ்மேன், வாசல், கேப்டிவ். தமிழில் தேடினால் வரிசை இன்னும் நீளும்: அடிமை, ஆள், தொழும்பர், அடியார், பண்ணையாள், படியாள், கொத்தடிமை. ஒருபொருட் பன்மொழி என்று இலக்கண வகுப்பில் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். எந்தச் சொல்லை யார், எந்த ஆண்டில், எந்தக் காகிதத்தில் எழுதினார்கள் என்று பார்க்கத் தொடங்கினால் நம் பூட்டன் பூட்டிகளின் வரலாறு அதில் வந்து விழுகிறது. ஒரு சொல்லைச் சட்டம் தடை செய்யும்போது, தடை செய்யப்பட்ட காரியம் இன்னொரு சொல்லுக்குள் குடிபோவதை அங்கே பார்க்கலாம். இந்த உரை அந்தக் குடிபெயர்ப்பைப் பற்றியது.

இதைப் பேசப் பழவேற்காட்டைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை இருந்த இடம் இன்று புதர் மண்டிக் கிடக்கிறது. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் வாயிலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒவ்வொரு கல்லிலும் பெயர், பதவி, குலச்சின்னம், இறந்த நாள். சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கிருந்து ஏரித் தண்ணீரைத் தாண்டினால் பசியாவரம், இடமணி முதலான மீன்பிடி ஊர்கள். நெடுங்காலம் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் படகில்தான் அவர்கள் கடந்து வரவேண்டியிருந்தது. பசியாவரம் என்ற பெயர் நம் காதில் பசிக்காத வரம் என்றே விழுகிறது. அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறைமுகத்தில் மனிதர்களை விலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது பெரும்பாலும் பசிதான்.

1610-இல் சந்திரகிரி அரசர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியோடு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் நிலைகொண்டது. 1613-இல் கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமையகம் இதுதான். பாடப்புத்தகம் நமக்குச் சொல்வது துணியின் கதை: இங்கிருந்து துணி கிழக்கே போகும், அதைக் கொடுத்து அங்கே நறுமணப் பொருள் வாங்குவார்கள். அந்தக் கதையில் பிழை இல்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. 1619-இல் இன்றைய ஜகார்த்தாவின் இடத்தில் பத்தாவியா நகரை உருவாக்கினார்கள். 1621-இல் ஜாதிக்காய் விளையும் பண்டா தீவுகளின் மக்களைக் கொன்றும் நாடுகடத்தியும் தீவுகளைக் காலி செய்தார்கள். நகரம் கட்டவும் ஜாதிக்காய்த் தோட்டத்தில் வேலை செய்யவும் ஆள் வேண்டும். வங்காள விரிகுடாவின் இந்தக் கரையில் ஆள் கிடைத்தார்கள்.

எப்போது கிடைத்தார்கள் என்பதுதான் முக்கியம். வரலாற்றாசிரியர் மார்கஸ் விங்க் டச்சு ஆவணங்களிலிருந்து தொகுத்திருப்பதைப் படித்தால், சோழமண்டலக் கரையிலிருந்து அடிமை ஏற்றுமதி ஆண்டுதோறும் ஒரே சீராக நடக்கவில்லை என்பது தெரிகிறது. பஞ்சமும் போரும் வரும்போதெல்லாம் அது பொங்கி எழுந்திருக்கிறது. பிஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடிய 1659 முதல் 1661 வரையிலான காலத்தில் மட்டும் 8,000 முதல் 10,000 பேர் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலான இடங்களில் விற்கப்பட்டார்கள். பெரும்பகுதி இலங்கைக்கு, மீதி பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். டச்சுக்காரர் மட்டும் செய்ததாகச் சொல்லி ஆங்கிலேயரை விட்டுவிட வேண்டாம். 1687 செப்டம்பரில் சென்னை ஜார்ஜ் கோட்டையிலிருந்து 665 அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். அப்போது ஆளுநர் எலிஹு யேல். அமெரிக்காவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்பதைப் படிக்கும் மாணவர்கள் இந்த எண்ணையும் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளலாம்.

இந்த வணிகத்தின் கணக்கேடுகளில் சொல்லைப் பற்றிய கூச்சமே இல்லை. டச்சு மொழியில் 'ஸ்லாஃப்' என்று எழுதினார்கள். அதே பொருளில் 'லெய்ஃப்ஐகன்' என்றும் எழுதினார்கள். இரண்டாவது சொல்லைப் பிரித்தால் உடல், உடைமை என்று வரும். உடலே இன்னொருவன் உடைமை. ஐரோப்பாவின் 'ஸ்லேவ்', 'ஸ்லாஃப்' எல்லாம் 'ஸ்லாவ்' என்ற இனப்பெயரிலிருந்து பிறந்தவை. இடைக்கால ஐரோப்பாவில் பிடித்து விற்கப்பட்ட கிழக்கு ஐரோப்பிய மக்களின் பெயர் அது. ஒரு மக்களின் பெயரே அடிமைக்குப் பொதுப்பெயராகிவிட்டது. இதைக் கேட்டதும் இந்த அவையில் பலருக்கு வேறொரு பெயர் நினைவுக்கு வந்திருக்கும். அதற்குப் பிறகு வருகிறோம்.

கப்பலேறியவர்களுக்கு என்ன பெயர் இருந்தது? நன்னம்பிக்கை முனையின் டச்சுப் பதிவுகளில் நம் கரையிலிருந்து போனவர்கள் 'வான் டெ குஸ்ட்' என்ற ஒட்டோடு வருகிறார்கள். 'கரையைச் சேர்ந்த' என்று அர்த்தம். முன்னால் ஏதோ ஒரு கிறித்தவப் பெயர் அல்லது எஜமான் இட்ட பெயர், பின்னால் 'கரை'. ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. பத்தாவியாவில் 1646-க்கும் 1649-க்கும் இடையே விடுவிக்கப்பட்ட 211 அடிமைகளில் 126 பேர் தெற்காசியாவைச் சேர்ந்தவர்கள். விடுதலை பெற்று அந்த நகரில் வாழ்ந்தவர்களை 'மார்டெய்க்கர்' என்று அழைத்தார்கள். 'மஹர்த்திக' என்ற சமஸ்கிருதச் சொல் மலாய் வழியாகப் போய்த் திரிந்த வடிவம் அது. அதே வேரிலிருந்து வந்த 'மெர்டேக்கா'தான் 1945-இல் இந்தோனேசியத் தெருக்களில் சுதந்திரம் என்ற முழக்கமாக எழுந்தது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் ஏற்றப்பட்டு விடுதலைப் பத்திரம் வாங்கிய யாரோ சிலரையும் தழுவி நின்ற சொல் அது. நமக்கு இது சின்ன ஆறுதல், அவ்வளவுதான்.

இதே கோட்டையில் வேறொரு காகிதமும் தயாரானது. 1632 முதல் 1642 வரை பழவேற்காட்டில் மதகுருவாக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். தென்னிந்தியரின் சமயத்தைப் பற்றி ஐரோப்பிய மொழியில் எழுதப்பட்ட முதல் விரிவான நூல்களில் ஒன்று அவருடையது. அவர் இறந்த பிறகு 1651-இல் லெய்டனில் அச்சானது. அவருக்குச் செய்தி சொன்னவர் பத்மநாபன் என்ற பிராமணர். நான்கு வருணங்களையும் அவற்றின் பெருமைகளையும் சொல்லிவிட்டு, அவற்றுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறையர்களைப் பற்றியும் அந்த நூல் பேசுகிறது. அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே போர்ச்சுக்கீசியர் பர்போசா இந்தச் சொல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோயிருந்தார். பிறகு அது ஆங்கிலத்தில் 'பரையா' ஆகி, சமூகத்தால் ஒதுக்கப்பட்ட யாரையும், நாட்டையும் நாயையும்கூடக் குறிக்கும் பொதுச்சொல்லானது. பறை என்ற தோற்கருவியின் பெயரும் அதை வாசித்தவர்களின் பெயரும் உலக மொழியில் ஒதுக்கலுக்குப் பெயராகிவிட்டன. ஸ்லாவ் மக்களுக்கு நேர்ந்ததுதான் நமக்கும் நேர்ந்தது. ஒரு கோட்டைக்குள் ஒரு மேசையில் சரக்குப் பட்டியல், இன்னொரு மேசையில் வருண விளக்கம். இரண்டையும் சேர்த்துப் படிப்பவர்கள் நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் குறைவு.

டச்சுக்காரர் வந்துதான் தமிழ்நாட்டில் அடிமைமுறை வந்தது என்று யாரும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. அவர்கள் வாங்கினார்கள், விற்க இங்கே ஆள் இருந்தது, விற்பதற்கு வழக்கமும் எழுத்தும் இருந்தன. திருப்பாம்புரம் கோயில் கல்வெட்டு 1201-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதை அது பதிவுசெய்கிறது. பசி வேளாளரையும் விற்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் சிவபெருமான் கிழப் பிராமணராக வந்து, சுந்தரர் வழிவழி அடிமை என்று ஓலை காட்டி வழக்காடுகிறார். பக்தர்கள் இதை இறைவனின் திருவிளையாடலாகப் படிக்கிறார்கள். நாம் கேட்பது வேறு: பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலையால் பேரன் அடிமை என்பது சபையேற்கும் வாதமாக இல்லாத ஊரில் இந்தக் கதையைச் சொல்ல முடியுமா?

தமிழில் இந்தச் சொற்கூட்டம் பக்தியின் பக்கமாக வளர்ந்த விதமும் கவனிக்கத்தக்கது. அடியார், அடியேன், தொண்டர், ஆட்கொள்ளுதல் எல்லாம் அடிமை உறவின் சொற்கள். 'ஆள்' என்ற சொல் வினையாக நின்றால் ஆட்சி, பெயராக நின்றால் வேலையாள். கடவுளுக்கு அடிமை என்று சொல்லிக்கொள்வது பெருமையானது. நிலத்துக்கு அடிமையாக இருந்தவருக்கு அந்தப் பெருமை கிடைக்கவில்லை. ஆங்கிலத்திலும் இப்படி ஒரு வழுக்கல் உண்டு. 'சர்வென்ட்', 'செர்ஃப்' இரண்டும் லத்தீன் மொழியில் அடிமையைக் குறித்த 'செர்வுஸ்' என்ற சொல்லின் பிள்ளைகள். 1611-இன் ஜேம்ஸ் மன்னர் பைபிளில் 'ஸ்லேவ்' அபூர்வமாகத்தான் வரும், பெரும்பாலும் 'சர்வென்ட்'. நம் தமிழ் வேதாகமத்திலும் பாருங்கள்: 'தூலோஸ்' என்ற ஒரே கிரேக்கச் சொல், பவுல் தன்னைச் சொல்லிக்கொள்ளும் இடத்தில் ஊழியக்காரன் ஆகிறது, கிறிஸ்து எடுத்த ரூபத்தைச் சொல்லும் இடத்தில் அடிமை ஆகிறது. மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்லவில்லை. எந்த இடத்தில் எந்தச் சொல் கூசுகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

இனி வயலுக்கு வருவோம். கப்பலில் ஏற்றப்பட்டவரின் சாதியைக் கணக்கேடு கேட்கவில்லை. வயலில் நின்றவருக்குச் சாதியே அடிமைத்தனத்தின் அடையாளமாக எழுதப்பட்டது. பறையடிமை, பள்ளடிமை என்ற சொற்கள் ஓலை ஆவணங்களில் இருக்கின்றன, ஆ. சிவசுப்பிரமணியன் 'தமிழகத்தில் அடிமைமுறை' நூலில் இந்த உலகத்தை விரிவாகக் காட்டியிருக்கிறார். 1819-இல் சென்னை வருவாய் வாரியம் ஆட்சியர்களிடம் அடிமைமுறை பற்றி விசாரித்தபோது பல மாவட்டங்களிலிருந்து வந்த பதில், நிலத்தோடும் நிலமில்லாமலும் ஆட்கள் விற்கப்படுகிறார்கள் என்பதுதான். பதிலோடு ஒரு வாலும் ஒட்டியிருந்தது: இது இங்கே மென்மையானது, எஜமானின் சுயநலமே அடிமைக்குப் பாதுகாப்பு, கைவைத்தால் சாகுபடி கெடும். சாகுபடி கெட்டால் தீர்வை கெடும் என்பதை அவர்கள் சொல்லாமலேயே புரிந்துகொள்ளலாம்.

1833-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமைமுறையை ஒழித்தபோது கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கியே வைத்தது. 1841-இல் சட்ட ஆணையம் அறிக்கை கொடுத்தது. 1843-இல் ஐந்தாம் எண் சட்டம் வந்தது. அதன் முதல் பிரிவைச் சட்டம் படிக்கும் தோழர்கள் ஒருமுறை வாசிக்க வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றவோ, வாரமோ வரியோ வசூலிக்கவோ, அடிமை என்ற பெயரில் எந்த மனிதரையும் அவருடைய கட்டாய உழைப்பையும் அரசு அலுவலர் விற்கக் கூடாது என்கிறது அது. செய்யாத காரியத்தைச் 'செய்யாதே' என்று எந்தச் சட்டமும் முதல் வரியில் சொல்வதில்லை. அதே சட்டம் அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. உரிமை கோரி நீதிமன்றத்துக்கு வராதே என்று மட்டும் சொன்னது. குற்றம் என்று எழுத இந்தியத் தண்டனைச் சட்டம் 1862-இல் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தது.

அதற்குள் சொல் மாறிவிட்டது. அடிமை இல்லை, பண்ணையாள்தான் இருக்கிறார். படியாள், அதாவது படி நெல்லைக் கூலியாக வாங்குகிறவர். 'ஃபார்ம் சர்வென்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் கேட்பதற்கு எவ்வளவு நாகரிகமாக இருக்கிறது! நெல் அதே நெல், சேரி அதே சேரி, மிராசுதாரும் அவரேதான். 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் எழுதிய அறிக்கை இந்தச் சொல்மாற்றத்தை உடைத்தது. பழவேற்காடு அடங்கிய பொன்னேரிப் பகுதி அன்று அவருடைய மாவட்டம். சிறு தொகைக்காகத் தன்னையும் தன் வாரிசுகளையும் உழைப்புக்கு எழுதிக்கொடுக்கும் பத்திரங்கள் நடைமுறையில் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அடிமைமுறை சட்டப்படி முடிந்து அரை நூற்றாண்டு ஆகப்போகும் நேரம் அது. அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892 செப்டம்பர் 30-இல் 1010-ஆம் எண் அரசாணை வந்தது. நாம் இன்றும் மீட்கப் போராடும் பஞ்சமி நிலத்தின் கதை அங்கே தொடங்குகிறது. அடுத்த ஆண்டே ரெட்டமலை சீனிவாசன் தன் இதழுக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். அயோத்திதாசரோ அந்தப் பெயரைச் சுமத்தப்பட்டதாகக் கண்டு, பூர்வத் தமிழர், பௌத்தர் என்று வேறு பெயரை நிறுவப் பாடுபட்டார். இருவரில் யார் சரி என்று நம் கூட்டங்களில் இரவெல்லாம் சண்டை போடுகிறோம். பெயரை மற்றவன் கையில் விட்டுவைக்கக் கூடாது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததாக நமக்குத் தெரியவில்லை.

ஒத்த சொற்களை ஒதுக்கிவிட்டு நேரடிச் சொல்லையே எடுத்தவர் ஜோதிராவ் ஃபுலே. 1873-இல் அவர் எழுதிய நூலின் பெயர் 'குலாம்கிரி'. நீக்ரோ அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். இங்கே இருப்பதற்கும் அங்கே இருந்ததற்கும் ஒரே பெயர்தான் என்று உலகத்தைப் பார்த்துச் சொன்ன செயல் அது. அம்பேத்கர் இன்னும் ஒரு படி போய் இரண்டையும் எடை போட்டார். அடிமையை விலைகொடுத்து வாங்கியவனுக்கு அவனைச் சோறு போட்டு உயிரோடு வைத்திருக்கும் கட்டாயம் உண்டு. தீண்டப்படாதவருக்கு யாரும் பொறுப்பில்லை. அடிமைமுறை வெளிப்படையானது, தன் நிலை அடிமைக்குத் தெரியும். தீண்டாமை மறைமுகமானது, தான் அடிமை என்பதே அதில் சிக்கியவருக்குத் தெரியாமல் போகலாம் என்றார். சொற்களைப் பற்றி நாம் இவ்வளவு பேசுவதற்கு இந்தக் கடைசி வாதம்தான் காரணம். பெயர் தெரியாத நிலையை எதிர்த்து வழக்குப் போட முடியாது.

வயலில் சொல் மாறியதைப் போலவே கடல் கடந்த வேலையிலும் மாறியது. 1834 முதல் மொரீஷியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் ஒப்பந்தம் என்ற சொல்லோடு ஆட்கள் போனார்கள். நம் 'கூலி' ஆங்கிலத்தில் மனிதனின் பெயராகவே ஆனது. இலங்கைத் தோட்டங்களில் ஒப்பந்தம்கூட இல்லாமல் 'துண்டு' என்ற சீட்டு போதுமானதாக இருந்தது. தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய சீட்டு அது. அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆள் கைமாறுவார். 1921-இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

சுதந்திர இந்தியாவில் அரசியலமைப்பின் 23-ஆவது கூறு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. 1976-இல் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. கொத்தடிமை பழைய சொல். குடும்பத்தோடு அடிமையாய் இருப்பதைக் குறிக்கும். செங்கல் சூளையில் கணவன், மனைவி, பிள்ளை எல்லாரும் மண் குழைக்கும் காட்சிக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சங்கிலியைத் தேடாதே, வறுமையும் சங்கிலிதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நம் திருவள்ளூர் மாவட்டத்தில் செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கல் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். அங்கே யாரும் அடிமை என்ற சொல்லை உச்சரிப்பதில்லை. இப்போதைய சொல் 'அட்வான்ஸ்'.

1976 சட்டத்தின் 2(ஜி) பிரிவைத் தோழர்கள் மனப்பாடம் செய்துவைத்துக்கொள்வது நல்லது. கடனுக்கு ஈடாகக் கூலியில்லாமலோ குறைந்த கூலிக்கோ உழைப்பது மட்டும் கொத்தடிமை அல்ல. வேறு வேலைக்குப் போகும் உரிமை, வேறு இடத்துக்குப் போகும் உரிமை, தன் உழைப்பின் விளைபொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை, இவற்றில் எதை இழந்தாலும் அது கொத்தடிமை முறைதான். இந்தக் கடைசி உரிமையோடு ஏரிக்கரைக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். வலைக்கும் படகுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பிடித்த இறாலை அவரிடமே அவர் சொல்லும் விலைக்குப் போடுவது கரையெங்கும் வழக்கம். அதைக் 'கட்டு' என்றோ 'நம்பிக்கை' என்றோ 'தொழில் உறவு' என்றோ சொல்வார்கள். சட்டத்தின் கண்ணால் பார்த்தால் வேறு பெயர் கிடைக்கலாம்; ஒவ்வொன்றையும் விசாரித்துத்தான் சொல்ல வேண்டும். ஏரியில் வலை வைக்கும் முறைக்குப் 'பாடு' என்று பெயர். சில குப்பங்களின் பட்டினவர்களுக்கு உரிய பாட்டில் தலித் மீனவர்களுக்கும் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் இடம் இல்லை. மீனவர் என்ற சொல்லுக்குள் யார் வருகிறார்கள் என்பது தொழிலை வைத்தா, சாதியை வைத்தா என்ற கேள்வி அங்கே இன்னும் தீரவில்லை. தமிழில் 'பாடு' என்றால் முறை, 'பாடு' என்றால் துன்பம்.

களத்துக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். மீட்கப்பட்டவருக்குக் கோட்டாட்சியர் விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். 2016-ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டப்படி 1 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய் வரை கிடைக்க அந்தக் காகிதம் தேவை. ஆலை முதலாளியின் செல்வாக்கு அதிகமாக இருக்கும் இடங்களில் விசாரணை அறிக்கையில் 'கொத்தடிமை' வராது. 'கூலி பாக்கி', 'கூலித் தகராறு' என்று வரும். ஆகவே விசாரணையின்போது தொழிலாளி பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அட்வான்ஸ் எவ்வளவு, வாங்கியது எந்தத் தேதி, திருவிழாவுக்கோ சாவுக்கோ ஊருக்குப் போகக் கேட்டபோது தடுத்தது யார், பிள்ளைகள் வேலை செய்தார்களா என்ற நான்கும் தொழிலாளி சொன்ன சொற்களிலேயே தாளில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைநாட்டு வைப்பதற்கு முன்பு அதை உரக்க வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.